பலர் கொடையில் உருவாகும் பொதுக்கருவி

ஒருவர் தனித்து முடிக்கலாகாத கருமத்தைப் பலர் கூடி முடித்தல் தமிழர் வாழ்வில் நெடுங்காலம் நிலைபெற்ற வழக்கமாகும். வன்னிப் பெருநிலத்துக் குளங்கள் அதற்குக் கண்கண்ட சான்று. குளக்கட்டைப் பேணுதலும், வாய்க்காலிற் படிந்த சேற்றை வாருதலும் அக்குளத்து நீரால் விளையும் வயல்களையுடைய கமக்காரர் அனைவருக்கும் உரிய பொதுக்கடன். அவரவர் வயலின் அளவு நோக்கி அவரவர் செய்யவேண்டிய பங்கு வகுக்கப்பட்டது. அதனை மேற்பார்க்க வட்டவிதானை என்னும் அலுவலர் இருந்தார். கோயிற் றிருவிழாக்களும் இத்தன்மையனவே. நாடோறும் ஒவ்வோர் உபயகாரர் செலவேற்க, விழா ஊர் முழுவதற்கும் பொதுவாகின்றது. முல்லைத்தீவு வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கற் சடங்குகளுள் முதற்கண் நிகழ்வது பாக்குத்தெண்டல். தெண்டல் என்பது பலரிடத்துஞ் சென்று திரட்டுதலைக் குறிக்குஞ் சொல்.

நூற்பதிப்பும் ஒருகாலத்தில் இவ்வழியே நடைபெற்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டபோது, அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் வேண்டிய பொருளுக்காக அன்பர் பலரை நாடிக் கையொப்பம் வாங்கினார். கையொப்பமாவது, நூல் வெளிவருமுன்னரே அதனைப் பெறுதற்கு உடன்பட்டுப் பொருளுதவுதல். இல்லாத நூலை நம்பிப் பலர் கொடுத்த சிறுதொகைகளினால், ஏட்டில் மறைந்துகிடந்த காப்பியம் தமிழுலகுக்குப் பொதுச்செல்வமாயிற்று.

இக்காலத்தில் இதே முறை இணையத்தின் வாயிலாக உலகளாவி நடைபெறுகின்றது. இதனைத் திரள்நிதி என்பர். திரள்நிதியினால் உருவாக்கப்பட்டவை பல. அவற்றுள் திறந்தமூலக் காணொளித் தொகுப்பு மென்பொருள்கள் தனித்து ஆராயத்தக்கன. அவற்றின் வரலாற்றில் வெற்றியும் உண்டு, தாழ்வும் உண்டு. இரண்டும் வன்னி போன்ற நிலப்பகுதிக்குப் பயன்படும் பாடங்களாம்.

தொகுப்பியின் இயல்பு

ஒளிப்பதிவுக் கருவி எடுத்துத் தருவன துண்டு துண்டான காட்சிகள். வேண்டாதவற்றை வெட்டி, வேண்டுவனவற்றை முறைப்படி கோத்து, ஒலியை இசைவித்து, எழுத்துக்களைப் பொறித்து, முழுமையான ஒரு படமாக்குதலே தொகுப்பு. முன்னாளில் இது படச்சுருளைக் கத்தரித்து ஒட்டும் கைத்தொழிலாயிருந்தது. இப்பொழுது கணினியில் இயங்கும் தொகுப்பி என்னும் மென்பொருளே அதனைச் செய்கின்றது. பயன்படுத்துவோன் திரையிற் காலக்கோடு ஒன்றைக் காண்கின்றான். அதன்மேற் காட்சித் துண்டுகளை அடுக்குகின்றான். மூலப்பதிவு மாறுவதில்லை. எந்தத் துண்டு எவ்விடத்திற் றொடங்கி எவ்விடத்தில் முடியவேண்டும் என்னுங் குறிப்புக்களே திட்டக்கோப்பில் எழுதப்படுகின்றன. இறுதியில் அக்குறிப்புக்களின்படி கணினி புதிய படமொன்றை ஆக்கித் தருகின்றது.

கேட்பதற்கு எளிதாயினும் இதன் ஆக்கம் மிகக் கடினமானது. ஒவ்வொரு கருவியும் காட்சியை வெவ்வேறு முறையில் சுருக்கிப் பதிவுசெய்கின்றது. அவை அனைத்தையும் விரித்துப் படிக்கவேண்டும். ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் தடையின்றி ஓடவேண்டும். ஒலியும் ஒளியும் இம்மியும் பிசகலாகாது. இச்சுமையைத் தாங்கும் அடித்தள மென்பொருள்கள் சில உள. பிரான்சு நாட்டவரான பப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டிற் றொடங்கிய எவ்.எவ்.எம்.பெக் காட்சி, ஒலி வடிவங்களைப் படிக்கவும் மாற்றவும் உதவுவது. எம்.எல்.ரி. என்பது காட்சிகளைக் கோத்துக் கலக்கும் அடித்தளம். கேடென்லைவ், சொட்கட் என்னும் இரு தொகுப்பிகளும் அதன்மேற் கட்டப்பட்டவை. ஆகவே தொகுப்பி ஒன்றை ஆக்குவோர் முன்னோர் இட்ட அடித்தளத்தின்மீது மேலும் ஒரு மாடம் எழுப்புவோரேயாவர்.

வன்னிக்கு இதனால் ஆவதென்ன

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் காணொளித் தொகுப்பு இன்று பிழைப்புக்குரிய ஒரு தொழில். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயிற் கொடியேற்றம், பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகிய யாவும் படமாக்கப்படுகின்றன. இவற்றிற் சில வெளிநாட்டிலுள்ள உறவினர்க்கு அனுப்பப்படுகின்றன. எனினும் இத்தொழிலின் பயன் பிழைப்பு மட்டுமன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வேளையில், வீட்டோடும் காணியோடும் குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் கைவிட்டுச் சென்றனர். எழுதிவைத்தவை அழிந்த நிலத்தில், முதியோர் நினைவிற் றங்கியிருப்பனவே எஞ்சிய ஏடுகள். முல்லைத்தீவுப் பகுதியிற் பேணப்பட்டுவரும் கோவலன் கூத்தின் ஆட்டமும் பாட்டும், விதைப்புக்கும் அரிவுவெட்டுக்கும் உரிய வழக்கங்களும், ஊர்ப்பெயர்களின் கதைகளும் அவர்களோடு மறைந்துவிடாமற் காத்தற்குக் காணொளி சிறந்த சாதனம். பதிவுசெய்தல் கைத்தொலைபேசியாலும் இயலும். பதிவைத் தொகுத்து ஒழுங்குபடுத்திப் பேணுதற்கே மென்பொருள் வேண்டும்.

அம்மென்பொருளை விலைகொடுத்துப் பெறுதல் எளிதன்று. 2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் தன் படைப்புத்துறை மென்பொருள்களின் புதிய பதிப்புக்களை ஒரே தடவையில் விற்கும் முறையைக் கைவிட்டு, மாத வாடகைக்கு விடும் முறையை மேற்கொண்டது. வாடகை டொலரிற் கணிக்கப்படுவது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த ஒரு டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவரை உயர்ந்தது. மாதம் 20 டொலர் வாடகை கொடுத்த ஒருவர் இருந்தாரெனக் கொண்டால், அவர் கொடுக்கவேண்டிய தொகை 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபாவாக இரண்டே மாதத்தில் ஏறிற்று. அவர் வாங்கும் திருமணப்படக் கூலியோ அவ்வாறு ஏறவில்லை.

இந்நிலையிற் பலர் உரிமமின்றிப் படியெடுத்த மென்பொருளை நாடுவது இயல்பாகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் காப்புரிமைக்குள் அடக்கியுள்ளது. ஆதலின் அது சட்டத்துக்குப் புறம்பு. அத்தகைய படிகளோடு நச்சுநிரல்கள் ஒட்டிவருவதும் உண்டு. இவற்றினும் பெரிய இடர் ஒன்றுளது. மூடிய மென்பொருளின் திட்டக்கோப்பு அம்மென்பொருளுக்கு மட்டுமே விளங்குவது. வாடகை நின்றாலோ, நிறுவனம் மறைந்தாலோ, பல மாதம் உழைத்துத் தொகுத்த பணி திறக்கமுடியாத பெட்டகமாகிவிடும். கேடென்லைவ், பிற்றிவி என்பவற்றின் திட்டக்கோப்புக்கள் எக்ஸ்.எம்.எல். என்னும் பொதுவடிவில் அமைந்தன. எழுத்துக்களைக் காட்டும் எந்த மென்பொருளாலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். ஆவணத்தைப் பேணக் கருதுவோர்க்கு இவ்வேறுபாடு பெரிது.

கட்டறுத்தலும் இலவசமும்

திறந்தமூலம் என்பதனை இலவசம் என்பதோடு மயங்குதல் பொதுவழக்கு. மென்பொருளுக்கு மனிதர் எழுதும் வடிவமும் கணினி இயக்கும் வடிவமும் என இரண்டுண்டு. மனிதர் எழுதும் வடிவமே மூலநிரல். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் அதனை மறைத்துவைக்கும். 1983ஆம் ஆண்டிற் குனு திட்டத்தை அறிவித்த அமெரிக்கர் ரிச்சட் ஸ்ரோல்மன், மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், மூலநிரலைக் கற்று மாற்றவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய வடிவை வெளியிடவும் பயன்படுத்துவோர்க்கு உரிமை வேண்டுமென வற்புறுத்தினார். குனு பொதுமக்கள் உரிமம் இவ்வுரிமைகளைச் சட்டமொழியில் உறுதிசெய்கின்றது. அவ்வுரிமத்தின்கீழ் வெளியிட்ட நிரலை மாற்றி வெளியிடுவோர், தம் மாற்றத்தையும் அதே உரிமத்தின்கீழ்த் திறந்துவைத்தல் வேண்டும்.

எனவே மூலம் திறந்திருப்பினும் ஆக்கத்துக்கு உழைப்பு வேண்டும். உழைப்போனுக்கு உணவு வேண்டும். ஈண்டு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. மென்பொருள் ஆக்கப்பட்டபின் கொடுத்தவரும் கொடாதவரும் ஒப்பப் பயன்பெறுவர். ஆதலின் ஒவ்வொருவரும் பிறர் கொடுக்கட்டும் எனக் காத்திருப்பின் எவரும் கொடார். பொருளியலார் இத்தகையவற்றைப் பொதுநலப் பண்டம் என்பர். குளத்துநீரிலும் இவ்விடர் உண்டு. ஆனால் ஓர் வேறுபாடு கருதத்தக்கது. நீர் ஒருவர் வயலுக்குப் பாய்ந்தால் மற்றவர்க்குக் குறையும். மென்பொருளை ஆயிரவர் எடுத்தாலும் அது குறைவதில்லை. ஆகவே இங்குப் பங்கிடுதல் இடரன்று, முதலில் ஆக்குவித்தலே இடர். திரள்நிதி முறை அவ்விடருக்கு வகுத்த ஒரு விடையாகும்.

பிளெண்டர்: மீட்கப்பட்ட மென்பொருள்

இம்முறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது பிளெண்டர். இது முப்பரிமாண உருவங்களை ஆக்கி அசைவிக்கும் மென்பொருள். காட்சிகளைக் கோக்கும் தொகுப்பியும் அதனுள் அமைந்துள்ளது. நெதர்லாந்து நாட்டவரான ரொன் ரூசண்டால் இதனை 1990களிற் றம் அசைபட நிலையத்தின் தேவைக்காக எழுதினார். பின்பு அதனை வளர்க்க அமைந்த நிறுவனம் 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மென்பொருளின் உரிமை முதலீட்டாளர் கையிற் கிடந்தது. பயன்படுத்தி வந்தோர் கைவிடப்பட்டனர்.

ரூசண்டால் இலாபநோக்கற்ற அமைப்பொன்றை நிறுவி, முதலீட்டாளரோடு பேசினார். ஒரே தடவையாக 100,000 யூரோ செலுத்தினால் மூலநிரலை விடுவிப்பதற்கு அவர்கள் உடன்பட்டனர். 2002 யூலை 18ஆம் நாள் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஏழு வாரத்துள் அத்தொகை திரண்டது. 2002 ஒக்ரோபர் 13ஆம் நாள் பிளெண்டர் குனு பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியாயிற்று. திரள்நிதிக்கெனத் தனித்தளங்கள் தோன்றுதற்கு முன்னரே நிகழ்ந்த செயல் இது. பெயர்பெற்ற கிக்ஸ்ராட்டர் தளம் 2009ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று.

இதன்பின் அவ்வமைப்பு கையொப்ப முறையையும் கையாண்டது. 2006இல் வெளியான ‘எலிபன்ஸ் ட்ரீம்’ என்னும் குறும்படத்தின் இறுவட்டை முன்கூட்டியே வாங்கியோரின் பணம் அதன் ஆக்கத்துக்கு உதவிற்று. கொடுத்தோர் பெயர்கள் படத்தின் முடிவிற் பொறிக்கப்பட்டன. படத்தோடு அதனை ஆக்கப் பயன்பட்ட கோப்புக்களும் கற்போர்க்குத் திறந்துவைக்கப்பட்டன. அப்படத்தை எடுக்கும்போது தென்பட்ட குறைகளே மென்பொருளின் திருத்தங்களாயின. 2025ஆம் ஆண்டிற் சிறந்த அசைபடத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற ‘புளோ’ என்னும் திரைப்படம், லத்வியா என்னும் சிறுநாட்டுக் கலைஞர் பிளெண்டரைக் கொண்டு ஆக்கியது. 2002இற் கொடுத்தோர் எவரும் இதனை எதிர்நோக்கிக் கொடுத்திரார். பொதுக்கருவியின் பயன் கொடுத்தோரின் கணக்குக்கு அப்பாலும் செல்லும் என்பதற்கு இதுவே சான்று.

ஓப்பின்சொட்: வெற்றியும் காலத்தாழ்வும்

காணொளித் தொகுப்பியாகவே பிறந்து திரள்நிதியால் வளர்ந்தது ஓப்பின்சொட். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தவரான ஜொனதன் தோமஸ் 2008ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். முதலில் இது லினக்ஸ் இயக்குதளத்தில் மட்டுமே இயங்கிற்று. விண்டோசிலும் மாக்கிலும் இயங்கச்செய்தற்கு உள்ளமைப்பையே புதிதாக எழுதவேண்டியிருந்தது. அதற்காக 2013ஆம் ஆண்டிற் கிக்ஸ்ராட்டர் வாயிலாக 20,000 டொலர் வேண்டினார். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டோர் சேர்ந்து 45,000 டொலருக்குச் சற்றே மேலாகக் கொடுத்தனர். ஒருவர் கொடை சராசரியாக 30 டொலர் அளவினதே. பெருஞ்செல்வர் எவரையும் எதிர்பாராது, சிறுகொடையாளர் பலராற் கருமம் கைகூடிற்று.

கிக்ஸ்ராட்டரின் விதி நோக்கத்தக்கது. குறித்த நாளுள் குறித்த தொகை திரளாவிடின் எவரிடமிருந்தும் ஒரு சதமும் எடுக்கப்படாது. திரண்டால் மட்டுமே பணம் கைமாறும். அப்பொழுதும் தளம் 5 வீதத்தைத் தன் கட்டணமாகக் கழித்துக்கொள்ளும். பணமாற்றுக் கட்டணம் அதற்கு வேறு. முழுத்தொகை திரளாவிடிற் பணம் எடுக்கப்படாது என்னும் உறுதியே கொடுப்போனுடைய தயக்கத்தை நீக்குகின்றது. பிறர் கொடாதவிடத்துத் தன்பணம் வீணாகுமோ என்னும் ஐயம் அவனுக்கில்லை. முன்னர்க் கூறிய பொதுநலப் பண்டத்தின் இடர்ப்பாட்டுக்கு இவ்விதி ஓரளவு மருந்தாகின்றது.

ஆயினும் பணம் திரண்டவுடன் பணி முடிந்ததன்று. எதிர்பார்த்ததினும் வேலை பெரிதாயிற்று. ஓப்பின்சொட்டின் இரண்டாம் பதிப்பு சோதனை நிலையிற் பொதுமக்கள் கைக்கு வந்தது 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே. இடையிற் பொறுமையிழந்தோர் பலர். ஆனால் தோமஸ் பணியைக் கைவிடவில்லை. வாக்களித்தவாறு அது மூன்று இயக்குதளங்களிலும் இயங்கிற்று. மென்பொருள் வேலையின் காலத்தை முன்கூட்டி மதிப்பிடுதல் தேர்ந்தோர்க்கும் அரிதென்பது இதனாற் றெளிவாகும்.

பிற்றிவியும் கேடென்லைவும்

எல்லா வேண்டுகோளும் இலக்கை எட்டுவதில்லை. பிற்றிவி என்னும் தொகுப்பியை வளர்த்தோர் 2014 பெப்ரவரியில், நோம் அமைப்பின் துணையோடு நிதி திரட்டினர். முதற்படி இலக்கு 35,000 யூரோ. முழுத்திட்டத்துக்கு 100,000 யூரோ. எந்த வசதிகளை முதலிற் சேர்க்கவேண்டும் என வாக்களிக்கும் உரிமை கொடுத்தோர்க்கு வழங்கப்பட்டது. திட்டம் செம்மையானது, செய்வோர் திறமை வாய்ந்தோர். ஆயினும் முதற்படி இலக்கே நிறைவுபெறவில்லை. கிடைத்த பணத்தைக்கொண்டு பணி நடைபெற்றது. ஆனால் அவர்கள் கருதிய 1.0 என்னும் நிறைபதிப்பு எதிர்பார்த்த காலத்தில் வெளிவரவில்லை. கருவி நல்லதாயிருத்தல் மட்டும் போதாது, அதனைப் பயன்படுத்துவோர் தொகை போதியதாயிருத்தலும் வேண்டும் என்பது இதனாற் புலனாகின்றது. தேர் எத்துணை அழகியதாயினும் வடம்பிடிக்க ஊர் வேண்டும்.

கேடென்லைவ் 2002ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டுத் தன்னார்வலரால் வளர்க்கப்பட்டது. இருபது ஆண்டின் பின், 2022 செப்ரெம்பரில், அதற்கென 15,000 யூரோ இலக்குடன் நிதி வேண்டப்பட்டது. வேண்டியோர் பெருங்கனவு எதனையும் விற்கவில்லை. காலக்கோட்டினுட் காலக்கோடு அமைத்தல், விளைவுகளைக் கையாளும் பலகையைச் செப்பஞ்செய்தல், வேகத்தைக் கூட்டுதல் ஆகிய மூன்றையே எடுத்துரைத்தனர். இலக்கு எட்டப்பட்டது. முதலாவதாகக் கூறிய வசதி 2023 ஏப்ரல் பதிப்பில் வந்துசேர்ந்தது. நிதியைப் பெற்றுக் கணக்குவைத்தது தனிமனிதர் அன்று, செருமனியிற் சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட கேடிஈ சங்கம். இதுவும் கொடுப்போர்க்கு நம்பிக்கை தந்தது.

ஒப்புநோக்கிற் பெறப்படுவன

இந்நான்கையும் ஒப்பிட்டு நோக்கின் சில உண்மைகள் தோன்றும். முதலாவது, இலக்கு கண்ணாற் காணத்தக்கதாயிருத்தல் வேண்டும். ‘மென்பொருளை மேம்படுத்துவோம்’ என்பதினும் ‘இந்த மூலநிரலை இந்தத் தொகைக்கு விடுவிப்போம்’ என்பது கொடையைத் தூண்டும். இரண்டாவது, வேண்டுவோர் ஏற்கெனவே செய்துகாட்டியவராயிருத்தல் வேண்டும். மேற்கூறிய நான்கும் ஓரளவு இயங்கிக்கொண்டிருந்த மென்பொருள்களே. வெறுந்தாளிற் றொடங்கியது எதுவுமன்று. மூன்றாவது, கணக்குப் பொதுமக்கள் முன் வைக்கப்படுதல் வேண்டும். நான்காவது, உரிமம் கொடுத்தோரைக் காத்தல் வேண்டும். ஆக்கியோர் விலகினும் நிரல் திறந்தேயிருப்பதால், பிறர் அதனை எடுத்துத் தொடரலாம். கொடுத்த பணத்துக்கு இதனினும் சிறந்த பிணை இல்லை.

ஐந்தாவதாகிய உண்மையே தலையாயது. ஒருமுறை திரட்டும் நிதி ஆக்குதற்கு உதவும். பேணுதற்கு உதவாது. இரணைமடுக்குளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்டதாயினும், பின்னரும் பலமுறை கட்டு உயர்த்தப்பட்டும் திருத்தப்பட்டுமே இன்றளவும் நெல்விளைக்கின்றது. மென்பொருளும் அத்தகையதே. இயக்குதளங்கள் மாறும், புதிய பதிவு வடிவங்கள் தோன்றும், புதிய பிழைகள் வெளிப்படும். ஆண்டுதோறும் சேறு வாராத வாய்க்கால் தூர்ந்துபோவது போலப் பேணாத நிரலும் பயனற்றுப்போம். இதனை உணர்ந்தே பிளெண்டர் அமைப்பு மாதந்தோறும் சிறுதொகை கொடுக்கும் வளர்ச்சிநிதியை ஏற்படுத்திற்று. தனிமனிதரோடு பெருநிறுவனங்களும் அதிற் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டில் எபிக் கேம்ஸ் நிறுவனம் 12 இலட்சம் டொலரை மூன்றாண்டிற் பகிர்ந்து வழங்க முன்வந்தது.

பெருங்கொடைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவரே பெரும்பகுதியைத் தாங்கினால் அவர் விலகும் நாளிற் கூரை சரியும். அவர் விருப்பமே வழிகாட்டியாகவும் கூடும். சிறுகொடை பலவும் பெருங்கொடை சிலவும் கலந்திருத்தலே நிலைபேற்றுக்கு உகந்தது.

இந்நாட்டு முயற்சிகள்

திறந்தமூல ஆக்கம் இலங்கைக்குப் புதிதன்று. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தைப் பெரிதும் அழித்தது. அப்பேரிடர் நிகழ்ந்த சில நாட்களிலேயே இந்நாட்டுக் கணினி வல்லுநர் தன்னார்வமாகக் கூடி, ‘சகானா’ என்னும் மென்பொருளை எழுதினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புக்கள், வேண்டிய பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து ஒழுங்குபடுத்துவது அது. சிங்களத்திற் சகானா என்பது துயர்தணிப்பைக் குறிக்கும். மூலம் திறந்திருந்தமையாற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், பின்னர் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைச் சகானாவுக்கு வழங்கிற்று. இத்தீவில் எழுதிய நிரல் உலகுக்கு உதவியமைக்கு இது எடுத்துக்காட்டு.

பலர் கொடையிற் பொதுச்செல்வம் ஆக்கியமைக்கு நூலகம் திட்டம் மற்றோர் எடுத்துக்காட்டு. 2005ஆம் ஆண்டிற் றொடங்கிய இவ்வெண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் படியெடுத்து எவரும் படிக்கத் திறந்துவைத்துள்ளது. தாயகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்வோர் கொடையும் உழைப்பும் அதனைத் தாங்குகின்றன. அந்நூலகத்தின் தளம் இயங்குவதும் மீடியாவிக்கி என்னும் திறந்தமூல மென்பொருளாலேயே. அதனை எழுதியோர்க்கு ஈழத்து நூல்களைப்பற்றிய அறிவு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் ஆக்கிய கருவி ஈழத்து நூல்களைக் காத்தது.

தமிழுக்கே உரிய தேவையும் ஒன்றுளது. ‘கொ’ என்னும் எழுத்தைக் காட்டுங்கால், கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் நிற்றல் வேண்டும். கணினியிலோ உயிர்க்குறி மெய்யின் பின்னரே சேமிக்கப்படும். காட்டும்பொழுது அதனை இடம்மாற்றி அமைக்கும் அறிவு மென்பொருளுக்கு இல்லையேல், தலைப்பெழுத்துக்கள் சிதறி நகைப்புக்கிடமாகும். ஹாவ்பஸ் என்னும் திறந்தமூல எழுத்தமைப்பு நிரல் இப்பணியைத் தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் செய்கின்றது. மூடிய மென்பொருளில் இக்குறை இருப்பின், சந்தை சிறிதாகிய மொழியினர் நிறுவனத்தின் அருளை நோக்கிக் காத்திருத்தல் வேண்டும். திறந்த மென்பொருளில், அம்மொழியறிந்த மாணவன் ஒருவனே பிழையைத் திருத்தி அனுப்பலாம். திருத்தம் ஏற்கப்படின் உலகெங்கும் தமிழிற் றலைப்பிடுவோர் அனைவர்க்கும் அது பயன்படும்.

செய்யத்தக்கன

வன்னியிலே இதற்குரிய கல்வித்தளம் இன்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழினுட்பப் பீடமும் கிளிநொச்சியில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் நாள் முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பாடசாலைகளிலும் தகவற் றொழினுட்பம் பாடமாயுள்ளது. முற்றிலும் புதிய தொகுப்பியொன்றை இங்கு ஆக்க முயலுதல் அறிவுடைமையாகாது. நிலைபெற்ற தொகுப்பியொன்றைத் தெரிந்து, அதற்குத் துணைபுரிதலே தகும்.

அத்துணையின் முதற்படிக்குப் பணமே வேண்டா. இடைமுகச் சொற்களைத் தமிழாக்குதல், தமிழில் வழிகாட்டிநூல் எழுதுதல், தமிழ்த் தலைப்புக்களைச் சோதித்துப் பிழைகளை உரியோர்க்கு அறிவித்தல் என்பன மாணவர் குழுக்களால் இயல்வன. கேடென்லைவில் மூலப்பதிவுக்குப் பதிலாகச் சிறிய பதிலிப்படத்தைக்கொண்டு தொகுக்கும் வசதியுண்டு. பாடசாலையிலுள்ள பழைய கணினியிலும் அதனாற் பணி செய்யலாம். இதுபோன்ற செயல்முறைகளைத் தமிழில் எழுதிவைத்தலே ஒரு பெருங்கொடை.

இரண்டாம்படி நிதி. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் விளையாட்டரங்குக்கும் பொருள் திரட்டுவது வழக்கம். அத்தொகையில் ஒரு சிறுகூற்றை, ஆண்டுதோறும் தவறாது, கல்லூரியிற் பயன்படும் திறந்தமூல மென்பொருளின் அமைப்புக்கு அளித்தல் கூடும். தொகை சிறிதாயினும் ஆண்டுதோறும் வருதலே மதிப்புடையது. அதனினும் குறித்த ஒரு வேலையை, உதாரணமாகத் தமிழெழுத்துத் தொடர்பான ஒரு குறையைத் திருத்துதலை, மாணவன் ஒருவனுக்கு விடுமுறைக்காலப் பணியாக அளித்து ஊதியம் வழங்குதல் இரட்டைப்பயன் தருவது. கருவியும் செம்மையுறும், கைத்திறனும் ஊரிற் றங்கும்.

திரள்நிதி மாயமந்திரமன்று. அது தாழ்க்கக்கூடும், குறைவுபடக்கூடும், ஒருமுறை திரண்டபின் மறக்கப்படவும் கூடும். ஆயினும் விலைகொடுக்க இயலாதோரைத் திருடராக்கும் சந்தைக்கும், பெருநிறுவனத்தின் அருளுக்கும் நடுவே, பயன்படுத்துவோரே உடையவராகும் வழி அதுவொன்றேயாம். குளக்கட்டிலே தன் பங்கு மண்ணை இட்ட கமக்காரன் நீருக்குக் கையேந்தி நிற்பதில்லை. முதியோர் நினைவுகளைப் பதிவுசெய்து காக்கவேண்டிய நிலத்துக்கு, அந்நினைவுகளைத் தொகுக்குங் கருவியும் பிறர் பூட்டாத கருவியாயிருத்தல் வேண்டும். முதியோர் காத்திரார். அக்கருவியைக் கற்றலும் பேணுதலும் இத்தலைமுறையின் கடனாகும்.